கரையாத சாணி: பகாவ் மேய்ச்சல் நிலத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் பட்டணத்தைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் செம்மண் சாலையோரமாக, உயர் அழுத்த மின்கம்பிகளுக்கு அடியில் நீளமாக ஒரு புல்வெளி கிடக்கிறது. கம்பிக்குக் கீழே உயரமாக எதையும் நடக்கூடாது. அதனால் தோட்ட நிர்வாகம் அதைத் தொடவில்லை. தோட்ட லயத்தை விட்டுத் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபோன பிறகும் மாட்டைக் கைவிடாத சில குடும்பங்கள் அங்கேதான் மேய்க்கின்றன. சித்திரைத் தொடக்கத்தில் அவர்களில் ஒருவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாடு படுத்துவிட்டாலும், கன்று ஈன முடியாமல் தவித்தாலும் என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். இந்த முறை மாட்டுக்கு நோய் எதுவும் இல்லை.

"ஐயா, மழை பேய ஆரம்பிச்சு மூணு வாரம் ஆகுது. சாணி அப்படியே கெடக்குது. முன்னெல்லாம் சாயங்காலம் போட்டா மறுநாள் வெறும் மண்ணுதான் இருக்கும். இப்ப ஈதான் மொய்க்குது" என்றார்.

நடந்து பார்த்தேன். தை மாதத்துச் சாணியும் கிடந்தது, போன வாரத்துச் சாணியும் கிடந்தது. பழைய திட்டு ஒன்றைக் குச்சியால் நெம்பினேன். மேலே கறுத்து இறுகிய ஓடு, உள்ளே உலர்ந்த நார், அடியில் வெளுத்துப்போன புல். அடிமண்ணில் சாணி வண்டு தோண்டிய துளை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு திட்டைச் சுற்றியும் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, வாய் படாமல் நின்றது. மாடு தன் சாணியை ஒட்டிய புல்லைத் தின்னாது. வயிற்றுப் புழுவின் குஞ்சுகள் அந்தப் புல்லில்தான் ஏறி நிற்கும். அதனால் ஒதுங்குவது மாட்டுக்கு நல்லதுதான். ஆனால் வளர்ந்த மாடு ஒன்று நாளைக்கு 10, 12 முறை சாணி போடும். போட்டது மண்ணுக்குள் போகாவிட்டால், இந்த மாதிரி ஒடுங்கிய வெளியில் மேய்வதற்கு மிஞ்சும் இடம் மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே வரும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. சாணியில்தான் கொம்பன் வண்டு பெருகிச் செம்பனைக் குருத்தைத் துளைக்கிறது, மாட்டை அப்புறப்படுத்துங்கள் என்று தோட்டத்துத் தரப்பில் பேச்சு எழுந்திருந்தது. மாட்டுக்காரர்களின் பயம் உண்மையில் அதுதான்.

முதல் ஒரு நாள்

புதுச் சாணியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். வளர்ந்த சாணி வண்டு அந்தச் சாற்றையும் அதில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் வடிகட்டித்தான் தின்கிறது. நாரை மெல்ல அதற்கு வாய் கிடையாது. நாரைத் தின்பது மண்ணுக்குள் வளரும் அதன் புழு. ஆகவே சாணி ஈரமாக இருக்கும் முதல் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், அதற்குள் வண்டு வந்தாக வேண்டும். வெயிலில் ஓடு கட்டிவிட்டால் அதன் பக்கம் எந்த வண்டும் திரும்பாது.

உலகத்தில் 6,000க்கும் மேற்பட்ட சாணி வண்டு இனங்கள் உண்டு. பிழைக்கும் விதத்தை வைத்துப் பார்த்தால் மூன்று கூட்டம்: உருண்டை பிடித்து உருட்டிக்கொண்டு போகிறவை, சாணிக்கு நேர் கீழே குழி தோண்டி இறக்குகிறவை, சாணிக்குள்ளேயே குடியிருந்து முட்டையிடுகிறவை. தமிழில் பீ உருட்டி என்று எல்லாருக்கும் தெரிவது முதல் கூட்டம். எங்கள் பக்கத்து மேய்ச்சல் வெளியில் வேலை செய்வது இரண்டாவது கூட்டம். பச்சைப்பயறு அளவிலிருந்து மொச்சை அளவு வரை உள்ள ஒந்தோபேகஸ் வகைகள்தான் அதிகம்; எப்போதாவது கட்டைவிரல் பருமனில் கத்தார்சியஸ் வகை ஒன்று வரும். எல்லாம் மண்ணுக்குள் நடப்பதால் பலர் இவற்றைப் பார்த்ததே இல்லை. சாணியின் ஓரத்தில் காலையில் புதிதாகக் குவிந்திருக்கும் செம்மண் பொடிதான் அவை வந்து போனதற்கு அடையாளம்.

தாய் வண்டு மண்ணுக்குள் சாணியை அடைத்து, ஒவ்வோர் உருண்டையிலும் ஒரே ஒரு முட்டை வைக்கும். வெளியே விட்டிருந்தால் அம்மோனியாவாகக் காற்றில் போயிருக்கும் தழைச்சத்து வேருக்குப் பக்கத்தில் போய்ச் சேர்கிறது. தோண்டிய துளை வழியாக மழைத் தண்ணீர் இறங்குகிறது. ஈக்களுக்கு முட்டையிடும் இடம் காலியாகிறது. வண்டின் வயிற்றுப் பக்கத்தை உருப்பெருக்கியில் பார்த்தால், மங்கிய செம்பழுப்பு நிறத்தில் உண்ணி போன்ற நுண்ணிய சிலந்திப்பேன்கள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். இவை வண்டைக் கடிப்பதில்லை. வண்டின் மேல் ஏறி அடுத்த சாணிக்குப் போய் இறங்கி, அங்கே ஈ முட்டைகளைத் தின்கின்றன. வண்டு ஒன்று வந்தால் ஈக்கு இரண்டு எதிரிகள் வந்ததாகக் கணக்கு.

வறண்ட புல்வெளிகளில் நடப்பது

இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள ஆப்பிரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் பார்க்க வேண்டும். காய்ந்த புல்வெளிகளில்தான் இது பெரிய அளவில் நடந்திருக்கிறது, அங்கேதான் நன்றாக ஆராய்ந்தும் இருக்கிறார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒன்றரைக் கிலோ யானைச் சாணிக்கு இரண்டு மணி நேரத்தில் 16,000 வண்டுகள் வந்ததாக 1974இல் எழுதி வைத்திருக்கிறார்கள். அது மழைக்காலத்துப் படை. வறட்சியில் அதே நிலத்தில் சாணி சீந்துவாரற்றுக் கிடக்கும். கரையான் வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும். வண்டுகள் அழிந்துபோய்விடுவதில்லை. மண்ணுக்குள் உருண்டையிலேயே அடைபட்டிருந்து, மழை நனைத்து மண் இளகியதும் மொத்தமாக மேலே வருகின்றன. ஆண்டு முழுவதும் சேர்ந்த பசி அந்தச் சில வாரத்தில் தீர்கிறது, அடுத்த தலைமுறைக்கு முட்டையும் அப்போதுதான் விழுகிறது. உருட்டுகிற வகைகள் கொதிக்கிற மணலில் உருட்டும்போது இடையிடையே உருண்டையின் மேல் ஏறி நின்று காலைக் குளிர வைத்துக்கொள்ளும். ஈரச் சாணி அவ்வளவு குளிர்ச்சி. இரவில் பால்வீதியின் ஒளிப்பட்டையைப் பார்த்துத் திசை பிடிக்கும் வகையும் தென்னாப்பிரிக்காவில் உண்டு என்று 2013இல் நிறுவினார்கள்.

ஆஸ்திரேலியாவில் கதை வேறு. 1788இல் ஆங்கிலேயர் மாட்டைக் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கிருந்த வண்டுகளுக்குப் பழக்கமானது கங்காருவின் காய்ந்த சின்னப் புழுக்கை. மாட்டின் ஈரச் சாணியைப் பெரும்பாலானவை தொடவில்லை. சாணி மாதக் கணக்கில், காய்ந்த பகுதிகளில் அதற்கும் மேலாக, அப்படியே கிடந்தது. புதர் ஈயும் எருமை ஈயும் பெருகி மனிதர்களையும் மாடுகளையும் வதைத்தன. ஹங்கேரியில் பிறந்து அங்கே குடியேறிய பூச்சியியலாளர் ஜார்ஜ் போர்னமிஸா, வண்டை வெளியிலிருந்து கொண்டுவரலாம் என்று அரசு ஆய்வு நிறுவனத்தை ஒப்புக்கொள்ள வைத்தார். 1965 முதல் 1985 வரை அந்தத் திட்டம் நடந்தது. தென்னாப்பிரிக்காவில் நிலையம் வைத்து, வண்டுகளை அல்லாமல் முட்டைகளை மட்டும் எடுத்து, மேல்புறத்தைக் கிருமி நீக்கி, கையால் பிடித்த சாணி உருண்டைக்குள் வைத்து வளர்த்தார்கள். மாட்டு நோய் எதுவும் கூடவே வந்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம். கொண்டுவந்த 43 இனங்களில் 23 நிலைத்தன. எந்த வண்டு எந்த மாதத்தில் மேலே வரும், அப்போது அந்த மண்ணில் ஈரம் இருக்குமா என்பதே எது நிலைக்கும் எது நிலைக்காது என்பதில் பெரும்பங்கு வகித்தது.

எனக்கு இதில் பிடிபட்டது அந்த மாதக் கணக்குதான். மலேசியா என்றாலே மழை என்று நினைப்பார்கள். நெகிரி செம்பிலான் உள்பகுதி மலைக்கு மறைவான நிலம். எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான ஜெலபுதான் நாட்டிலேயே மழை குறைந்த இடம் என்று பள்ளிப் பாடத்திலேயே வரும். தையும் மாசியும் பகாவில் புல் கருகும் மாதங்கள். பங்குனி, சித்திரையில் மழை திரும்பும். ஆப்பிரிக்கப் புல்வெளி அளவுக்கு இல்லை என்றாலும் அதே ஒழுங்கு இங்கும் சின்னதாக உண்டு: காயும்போது ஓடு கட்டும், மழை விழுந்ததும் வண்டு கிளம்பும். ஆகவே தை மாதத்துச் சாணி கிடந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மழைக்குப் பிறகு விழுந்த சாணியும் ஏன் கிடக்கிறது என்பதே கேள்வி.

எதைப் பார்த்தோம்

ஓடைக்கு அந்தப் பக்கம் மலாய்க் கம்பத்தில் (கிராமத்தில்) சிலர் கெடா-கிளந்தான் என்ற உள்நாட்டு இன மாடு வளர்க்கிறார்கள். ஊசியும் இல்லை, தெளிப்பும் இல்லை, மாடு தன் போக்கில் மேய்கிறது. அங்கே போய் முதல் நாள் மாலைச் சாணியைக் காலையில் பார்த்தோம். பாதிக்கு மேல் மண்ணாகியிருந்தது. மீதி, துளை துளையாக உதிர்ந்தது. ஒரே மழை, ஒரே மண், நடுவில் ஓர் ஓடை. வானிலை காரணம் அல்ல என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

பிறகு எங்கள் பக்கத்து மாட்டுக்கு யார் என்ன மருந்து, எப்போது கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு கொட்டகையாகக் கேட்டேன். பங்குனியில் முதல் மழை விழுந்த கையோடு கிடாரிகளுக்கும் காளைகளுக்கும் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து ஊசி போட்டிருந்தார்கள். வறட்சியில் மெலிந்த மாடு, புதுப்புல் மேய்ந்தால் புழு ஏறும், அதற்கு முன்னால் போட்டுவிடலாம் என்ற நினைப்பு. தப்பான நினைப்பு இல்லை. பால் கறக்கும் பசுக்களுக்கு அந்த ஊசி ஆகாது, மருந்து பாலில் இறங்கும். அவற்றுக்கு வாய்வழியாக அல்பெண்டசோல் என்ற வேறு புழு மருந்து கொடுத்திருந்தார்கள். அடுத்து, ஈத் தொல்லை தாங்காமல் எல்லா மாட்டின் முதுகிலும் பைரெத்ராய்டு வகைப் பூச்சி மருந்தை ஊற்றியிருந்தார்கள்; சிலர் திரும்பத் திரும்ப ஊற்றியிருந்தார்கள்.

ஊசி போட்ட மாடும் போடாத மாடும் ஒரே மந்தையில் இருந்தது எங்களுக்கு வாய்ப்பாகப் போயிற்று. மூன்று வகைச் சாணி எடுத்தோம்: ஊற்று மருந்து நிறுத்திச் சில வாரமான கறவைப் பசுவின் சாணி, ஊசி போட்ட கிடாரியின் சாணி, புதிதாக முதுகில் மருந்து ஊற்றிய காளையின் சாணி. மாலையில் ஒரே இடத்தில், ஒரே அளவில், செம்பனை நிழல் விழும் ஓரத்தில் வைத்துக் குச்சி நட்டு அடையாளம் செய்தோம். வண்டு வரட்டும் என்பதற்காக ஓடைக்கரையை ஒட்டியே வைத்தோம்.

காலையில் மூன்றிலும் வண்டு வந்திருந்தது. மருந்து இருக்கிறதா என்று மோந்து பார்த்து அது ஒதுங்கவில்லை. காளைச் சாணியை ஒட்டி நான்கைந்து சின்ன வண்டுகள் மல்லாந்து கிடந்தன. இரண்டு இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தன, திருப்பி விட்டாலும் நிற்க முடியவில்லை. மற்ற இரண்டிலும் ஓரமாகச் செம்மண் பொடி குவிந்திருந்தது. அன்றோடு முடித்திருந்தால் ஊசியால் கெடுதல் இல்லை என்று எழுதியிருப்பேன்.

சில வாரம் கழித்து மண்வெட்டியால் பக்கவாட்டில் மெதுவாகச் சீவி அடியைத் திறந்தோம். கறவைப் பசுச் சாணிக்குக் கீழே விரல்நுனி அளவு உருண்டைகள். ஒன்றைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் புழு, முதுகு கூன் விழுந்து, உடம்பை வளைத்துக்கொண்டு, தன்னைச் சுற்றியிருக்கும் சுவரையே தின்றுகொண்டிருந்தது. ஓட்டை விழுந்ததும் தன் கழிவாலேயே அதைப் பூசி அடைக்கப் பார்த்தது. மாட்டுக்கார அண்ணன் வெகுநேரம் குனிந்தபடி அதையே பார்த்தார். கிடாரிச் சாணிக்குக் கீழேயும் உருண்டை இருந்தது. தாய் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தாள். பிட்ட உருண்டை எல்லாம் வெறுமை, அல்லது வற்றிச் சுருங்கிய ஒரு துளி.

மருந்து எப்படி வேலை செய்கிறது

ஐவர்மெக்டின் கெட்ட மருந்து அல்ல. சத்தோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பெலும் இதைக் கண்டறிந்த பணிக்காக 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதர்களுக்கு வரும் ஆற்றுக் கண்நோயையும் யானைக்காலையும் அடக்கிய மருந்து. ஊசியாகப் போட்டால் மாட்டின் கொழுப்பில் தங்கி மெதுவாக வெளியேறும், பெரும்பகுதி சாணி வழியாக, பெரும்பாலும் வீரியம் கெடாமல். முதல் வாரத்தில் அதிகம்; அதன் பிறகும் சில வாரம் வண்டின் புழுவைக் கொல்லும் அளவுக்கு இருக்கும். வளர்ந்த வண்டை அது பெரும்பாலும் கொல்வதில்லை. முட்டையிலிருந்து வந்த புழுவின் நரம்பை முடக்குகிறது. அதனால்தான் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது: இந்த ஆண்டு வண்டு பறக்கும், அடுத்த ஆண்டு வராது. இங்கிலாந்தில் இந்த மருந்து தொடர்ந்து கசியும் வில்லையை மாட்டின் வயிற்றில் வைத்தபோது, அதன் சாணி 100 நாளுக்குப் பிறகும் பெரும்பாலும் சிதையாமல் கிடந்ததாக 1987இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை இந்த விவாதத்தைத் தொடங்கி வைத்தது.

முதுகில் ஊற்றும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகைகள் அதைவிட நேரடி. மாடு நக்குவதாலும் தோல் வழியாகவும் உள்ளே போய்ச் சாணியில் இறங்கி, வளர்ந்த வண்டையே கொல்கின்றன. ஈக்காக ஊற்றிய மருந்து வண்டைக் கொல்ல, வண்டு இல்லாத சாணியில் ஈ பெருக, பெருகிய ஈக்காக இன்னும் ஊற்றினார்கள். மாட்டைக் கடிக்கும் எருமை ஈ புதுச் சாணியில் மட்டுமே முட்டையிடும். சாணி விழுந்த சில நிமிடத்திலேயே இட்டுவிடும், ஒன்றரை வாரத்துக்குள் புது ஈ கிளம்பிவிடும். அந்தப் பந்தயத்தில் ஜெயிக்க வண்டு அன்று இரவே வந்தாக வேண்டும்.

மூன்று திட்டையும் சில உருண்டையையும் வைத்து நாட்டுக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் வெளிக்கு இது போதும். மழையோடு வண்டு கிளம்புகிற அதே வாரத்தில் ஊசியும் ஊற்று மருந்தும் சேர்ந்து விழுந்திருக்கின்றன. வேறு எந்த மாதத்தில் போட்டிருந்தாலும் சேதம் இவ்வளவு ஆகியிருக்காது என்பது என் முடிவு.

கொம்பன் வண்டுப் பழி

செம்பனையைத் துளைக்கும் கொம்பன் வண்டு வேறு பழக்கம் உடையது. அதன் புழு கட்டைவிரல் பருமன்; மக்கிய மரத்தண்டு, எருக்குவியல் மாதிரி ஆழமாகவும் ஈரமாகவும் உள்ள இடத்தில் மாதக் கணக்கில் வளரும். மேய்ச்சலில் விழும் ஒற்றைச் சாணித் திட்டு அதற்குப் போதாது. கத்தார்சியஸ் ஆணுக்கும் தலையில் கொம்பு உண்டு, அதனால்தான் கண்டதும் மிதித்துவிடுகிறார்கள். தலையின் முன்விளிம்பைப் பார்த்தால் போதும்: சாணி வண்டுக்கு அது மண்வெட்டி மாதிரி அகன்று தட்டையாக இருக்கும், முன்னங்காலில் தோண்டுவதற்குப் பல் பல்லாக இருக்கும்.

அதே சமயம் தோட்டத்தார் சொன்னதில் பாதி சரி. கொட்டகைக்குப் பின்னால் இரண்டு வீட்டார் சாணியைக் குவித்து வைத்திருந்தார்கள். கிளறினால் கொம்பன் புழு இருந்தது. அதை மறைக்காமல் தோட்டத்து மேற்பார்வையாளரான தண்டலிடம் காட்டினோம். குவியலைப் பரப்பி, புழுவைப் பொறுக்கி, இனி தார்ப்பாய் போட்டு மூடுவது, அடிக்கடி புரட்டுவது என்று பேசி முடித்தோம். மாட்டை அப்புறப்படுத்தும் பேச்சு அதோடு அடங்கியது.

செய்த மாற்றங்கள்

புழு மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. மெலிந்த மாட்டைப் புழுவோடு விடுவது பாவம். முதலில் சாணி மாதிரியைக் கால்நடை அலுவலகத்தில் கொடுத்து வயிற்றுப் புழுவின் முட்டையை எண்ணிப் பார்ப்பது, தேவையான மாட்டுக்கு மட்டும் போடுவது. மழைக்காலத்தில் தேவைப்பட்டால் அல்பெண்டசோல் அல்லது லெவமிசோல். இவற்றால் சாணி வண்டுக்குப் பெரிய கெடுதல் இல்லை. சினை பிடித்த முதல் ஒன்றரை மாதத்தில் அல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது, இதை மறந்துவிடுகிறார்கள். ஐவர்மெக்டின்தான் வேண்டும் என்றால் வண்டு மண்ணுக்குள் இருக்கும் தை, மாசி வறட்சியில் போட்டு, முதல் இரண்டு வாரம் மாட்டைக் கொட்டகையிலேயே கட்டித் தீனி போடுவது. எடையைக் குறைத்து மதித்து அரை ஊசி போடுவதை அடியோடு நிறுத்த வேண்டும். 50 கிலோவுக்கு 1 மில்லி என்றால் அதுதான் அளவு. குறைத்தால் வயிற்றுப் புழு பழகிக்கொள்ளும், அப்புறம் அந்த மருந்து கேட்காது.

ஈக்கு ஊற்று மருந்தை விட்டுப் பழைய மூட்டத்துக்குத் திரும்பினார்கள். ஈர லாலாங் புல்லைப் போட்டுச் சாயங்காலம் புகை கிளப்பினால் மாடு தானே வந்து புகைக்குள் நிற்கும். கொட்டகைச் சாணியைத் தினமும் வழிப்பதும் சேர்ந்தால் பாதித் தொல்லை குறையும். முழுதாகப் போகாது.

வண்டையும் கொண்டுவந்தோம். கம்பத்துக்காரர்கள் மனமுவந்து விட்டார்கள். அவர்கள் வெளியில் காலைச் சாணியை அள்ளி வாளித் தண்ணீரில் கரைத்தால் வண்டு மேலே மிதக்கும். வடிகட்டி ஈரமண் போட்ட டப்பாவில் வைத்து, மாலையில் நம் பக்கத்துக் கறவைப் பசுச் சாணியின் மேல் கவிழ்த்துவிட வேண்டும். ஓடையைத் தாண்டித் தாமாகவே வந்திருக்கும்தான். கொஞ்சம் வேகப்படுத்தினோம், அவ்வளவுதான். பிள்ளைகள் இந்த வேலையைப் போட்டி போட்டுக்கொண்டு செய்தார்கள்.

ஐப்பசி மழையில் மறுபடி நடந்து பார்த்தேன். ஓடைப் பக்கப் பாதியில் சாணியோரம் செம்மண் பொடி தெரிகிறது, இரண்டு மூன்று நாளில் திட்டு உதிர்கிறது. கம்பத்து வேகம் இன்னும் வரவில்லை. சாலைப் பக்கக் கோடியில் பழையபடி ஓடு கட்டிய சாணிதான். அங்கே மேய்க்கும் ஒரு வீட்டார் இன்னும் ஊற்று மருந்தை விடவில்லை. அவர்கள் காளையை விலைக்கு வளர்க்கிறவர்கள். ஈ கடித்து மாடு இளைத்தால் அவர்களுக்குத்தான் நட்டம், அந்தக் கவலை நியாயமானது. இந்தத் தையில் எல்லா வீட்டுக்கும் ஒரே வாரத்தில் ஊசி போட்டுவிட்டு, பங்குனி மழை முடியும்வரை யாரும் முதுகில் மருந்து ஊற்றுவதில்லை என்று பேச, தைப்பூசத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போகிறோம். பிட்ட உருண்டைகள் இரண்டையும் சாராயத்தில் போட்டுப் புட்டியில் வைத்திருக்கிறேன், அதையும் எடுத்துப் போவதாக இருக்கிறேன்.